வராத ஆறாவது ஆள்

போன மாதம் எங்கள் மலேரியாத் தடுப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற எங்களில் இரண்டு மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி தன் கைப்பேசியில் இருந்த படிவத்தை எனக்குக் காட்டினார். "கடந்த மூன்று ஆண்டுகளில் வெளிநாடு சென்றீர்களா?" என்று ஒரு கேள்வி. கீழே இரண்டு பெட்டிகள்: ஆம், இல்லை. ஒரே கிழமையில், ஏழே நாளில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி முழுவதையும் முடித்துவிட்டாராம். "எல்லாருமே இல்லை மிஸ். முழுக்கக் கிளீன்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு வந்த எரிச்சலில் கையில் இருந்த பெட்டிஸைக் கடிக்காமலே தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி முழுக்க வெளிநாடு போகாத ஆட்களா? லண்டனில் மகன், கனடாவில் மகள், சென்னையில் வைத்தியம், திருச்சியில் உறவு என்று ஒரு காலை விமானத்திலேயே வைத்திருக்கிற சனம் அது. ஒருவர்கூடப் போகவில்லை என்றால், அந்தத் தம்பியிடம் எல்லாரும் சேர்ந்து பொய் சொல்லியிருக்கிறார்கள், அல்லது அவர் கதவு திறக்க முதலே பெட்டியை அமத்தியிருக்கிறார்.

பிறகு வீட்டுக்கு வந்து ஆறுதலாக யோசித்தேன். அவர்மேல் கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. அவர் செய்ததைவிடப் பெரிய பிழையை நான் செய்திருக்கிறேன். அதுவும் முப்பது வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு செய்தேன். அந்தக் கதையைப் பயிற்சி மண்டபத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள், இடையில் திட்டினால் கோபிக்காதீர்கள்.

நான் ஆய்வுகூடத்தில் இருந்தவள். நுணுக்குக்காட்டியில் இரத்தம் பார்ப்பதுதான் வேலை. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. உங்களுக்குக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். நாட்டில் மலேரியா இல்லை என்று சான்றிதழ் கிடைத்த பிறகு எங்கள் வேலை குறைந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். என் சொந்த அக்காவே, "இல்லாத மலேரியா வருத்தத்துக்கு உனக்கு ஏன் சம்பளம்?" என்று கேட்டாள். உண்மையில் அப்போதுதான் வேலை கூடியது. காய்ச்சலோடு வருபவனைப் பிடிப்பது லேசு. காய்ச்சல் இல்லாமல், கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு, கொழும்பின் காலி வீதியில் பேருந்துக்கு ஓடுகிறவனுடைய இரத்தத்தில் கிருமி இருந்தால் அதை யார் தேடுவது? நாங்கள்தான். அவன் விரலை நீட்டினால்தான் தேடலாம். அங்கேதான் இந்தத் தொழிலின் முழுக் கரைச்சலும் இருக்கிறது.

ஒருமுறை கொட்டாஞ்சேனையில் இருந்து இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்த ஒரு கூட்டத்திடம் இரத்தம் எடுக்கப் போனேன். அரைவாசிப் பேர் பின்கதவால் போய்விட்டார்கள். "நேர்த்தி முடிச்சு வந்த கையோட ஊசி குத்தேலாது" என்றார் ஒரு அம்மா. என்னோடு வந்த உத்தியோகத்தர் சுற்றறிக்கையை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். மாதா கோயில் மண்டபத்தில் சுற்றறிக்கை! மீதி அரைவாசியும் எழும்பிவிட்டது. கடைசியில் அவர்களோடு போய்வந்த பாதிரியார் ஒன்றும் பேசாமல் என் முன்னால் இருந்து விரலை நீட்டினார். பத்து நிமிடத்தில் வாசல்வரை வரிசை நின்றது. சனம் அலுவலகத்துக்கு இரத்தம் தராது, ஆளுக்குத்தான் தரும் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. விளங்கியதாக நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி.

இனி நான் சொல்ல வந்த கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது, அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் இருந்து ஒரு இரத்த மாதிரி வந்தது. ஆளுக்கு இருபத்தேழு வயது, வெள்ளவத்தை. சுகந்தன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் காய்ச்சல். முதலில் பார்த்த தனியார் டொக்டர் டெங்கு என்று சொல்லி, இளநீரும் பப்பாசி இலைச் சாறும் குடிக்க விட்டிருக்கிறார். கொழும்பில் ஒருவனுக்கு உடம்பு சுட்டால் டெங்கைத் தவிர வேறு ஒரு வருத்தமும் டொக்டர்மாருக்கு ஞாபகம் வருவதில்லை. இரத்தம் பூசிய கண்ணாடித் தகட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வில்லையைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். மலேரியா. அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய வகை.

வைத்தியசாலை விடுதியில் போய்க் கேட்டால், "கட்டாரில வேலை செய்தனான், வேற ஒரு நாட்டுக்கும் போனதே இல்லை" என்கிறான்.

இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். கட்டாரில் மலேரியா பரவுவதில்லை. மலேரியா உள்ள நாட்டுக்குப் போகாத ஒருவனுக்கு அது வந்தால், இங்கேயே நுளம்பு அதைப் பரப்புகிறது என்று ஆகிவிடும். சான்றிதழுக்கு ஆபத்து. அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. அடுத்த நாள் காலையில் வாகனம் வாகனமாக ஆட்கள் அவன் வீட்டு ஒழுங்கைக்குள், அந்தச் சின்னச் சந்துக்குள், இறங்கிக் கிணறு, தண்ணீர்த் தாங்கி, வடிகான் எல்லாவற்றிலும் நுளம்புப் புழுத் தேடினார்கள். தொடர்மாடிச் சங்கத் தலைவர் சாரத்தோடு ஓடிவந்து, "தயவுசெய்து டெங்கு எண்டு சொல்லுங்கோ, மலேரியா எண்டு சொல்லாதேங்கோ, ஆக்கள் இஞ்ச வாடகைக்கு வரமாட்டினம்" என்று கெஞ்சினார். இத்தனையும் ஒருவன் சொன்ன ஒரு "இல்லை"க்காக.

மூன்றாம் நாள் நான் விடுதிக்குப் போனபோது, ஊசியை நிறுத்தி மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். தாதி மாத்திரை அட்டையை மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். நாலு மாத்திரையைப் பிரித்து எடுத்தான். பக்கத்தில் இருந்த தாயிடம், "அம்மா, பால்மாவைத் தடிப்பாக் கரைச்சுத் தாங்கோ" என்றான்.

நான் தாயை வெந்நீர் எடுத்துவர அனுப்பிவிட்டு அவன் கட்டிலில் இருந்தேன்.

"தம்பி, உந்த மாத்திரையை முந்தி எங்க குடிச்சனீர்?"

"எந்த மாத்திரை மிஸ்?"

"கையில வச்சிருக்கிறது. உது இந்த நாட்டில ஒரு பாமசியிலையும் இல்லை. எங்கட அலுவலகத்தில இருந்துதான் வரவேணும். ஒருக்கா நாலு எண்டும், பாலோட எண்டும் உமக்கு ஆர் சொன்னது?"

சுவரைப் பார்த்தான். கண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று நாளாக முப்பது பேரை வடிகானுக்குள் இறக்கிவிட்டானே என்ற கோபமும் இருந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று ஒரு ஏஜென்ட் இவனையும் இன்னும் ஐந்து பேரையும் மேற்கு ஆபிரிக்காவில் ஒரு நாட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அங்கே ஒரே வீட்டில் ஆறு பேரும் பதினாலு மாதம். வெளியே போகக்கூடாது. மாறி மாறிக் காய்ச்சல். வீட்டுக்காரப் பெண் மாத்திரை வாங்கிவந்து, எப்படிக் குடிப்பது என்று கைச்சைகையால் காட்டியிருக்கிறாள். கடைசியில் ஏஜென்ட் தொலைபேசியை எடுக்காமல் விட்டுவிட்டான். ஆறு பேரும் ஒன்றாகத் திரும்பி வந்து மூன்று மாதம். ஊருக்கு எல்லாரும் சொன்ன கதை ஒன்றே: கட்டாரில் வேலை, ஒப்பந்தம் முடிந்துவிட்டது. வெள்ளவத்தையில் கட்டாரில் இருந்து வந்தவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. கனடாவுக்கு வெளிக்கிட்டுப் பாதியில் திரும்பி வந்தவனை ஒழுங்கை முழுக்க ஒரு மாதிரிப் பார்க்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அப்படி ஒரு வெள்ளவத்தை ஒழுங்கைக்காரிதான்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாது மிஸ்."

"தெரியாது."

"மற்றப் பெடியளின்ர பேரும் வெளிய வரக்கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினேன். பண்ணியிருக்கத்தான் வேண்டும். அதற்குப் பிறகு அந்தச் சத்தியத்தை நான் எப்படித் தூக்கிக்கொண்டு திரிந்தேன் என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பெரிய டொக்டரிடம் மூடிய அறைக்குள் விசயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். ஆனால் அந்த மூன்று நாளில் அவருக்கு மேலிடத்தில் இருந்து வந்த அழைப்புகளுக்குக் கணக்கில்லை. உடனே குடிவரவுத் திணைக்களத்தில் விமானப் பயணிகள் பட்டியலை எடுப்போம், பொலிஸாரைக் கொண்டு மற்ற ஐந்து பேரையும் கூப்பிடுவோம் என்றார். நான் விடவில்லை. பொலிஸ் ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற நாலு பேரும் அன்றைக்கே காணாமல் போவார்கள். எங்கே போவார்கள்? வன்னிக்கு, மன்னாருக்கு, உறவுக்காரர் வீட்டுக்கு. அந்த ஊர்களில் இதைப் பரப்பக்கூடிய நுளம்பு இன்னும் இருக்கிறது. இங்கே ஒருவனோடு நிற்கிற வருத்தம் அங்கே ஊரைப் பிடிக்கும். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஹரி மிஸ். தவஸ் துனய்" என்று சிங்களத்தில் சொன்னார். சரி, மூன்றே மூன்று நாள்.

அந்தப் பெடியள் கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சுகந்தன் அதில் குரல் பதிவு ஒன்று போட்டான். எங்கே வரச்சொல்வது என்பதுதான் அடுத்த தலையிடி. வைத்தியசாலை என்றால் வரமாட்டார்கள். வீடு கூடாது. கோயில் என்றால் தெரிந்த ஆட்கள் வருவார்கள். சுகந்தனே ஒரு இடம் சொன்னான்: கொட்டாஞ்சேனையில் அவர்களுக்குப் பழக்கமான முருகையா அண்ணனின் சலூன். நாலைந்து பெடியள் வரிசையாகக் குந்தியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். சேலை கட்டிய ஐம்பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, ஆண்கள் முடி வெட்டுகிற சலூனின் பின்பக்கத் திரைக்குப் பின்னால், ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். முருகையா அண்ணன் மலைநாட்டுக்காரர். "ஒண்ணும் கூச்சப்படாதீங்கம்மா, நம்ம கடைதான், நல்லா ஒக்காருங்க" என்று விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். முன்னால் தாடி மழிக்க வந்த ஒருவர் கண்ணாடியில் என்னைக் கண்டு, பாதி நுரையோடு எழும்பப் பார்த்தார். "நம்ம அக்காதான், சாமானை ரிப்பேருக்கு கொண்ணாந்திருக்காங்க" என்று அண்ணன் அவரை அமத்தி இருத்தினார். என்ன சாமான் என்று அவரும் சொல்லவில்லை, வந்தவரும் கேட்கவில்லை.

நாலு பேர் வந்தார்கள். ஒருவரைக்கூட எனக்கு முன்பின் தெரியாது. விரலைக் குத்தி, உடனே முடிவு காட்டும் சோதனையைச் செய்தேன். நாலும் கிருமி இல்லை என்று காட்டியது. சிரித்தார்கள். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, களைப்பு இல்லை. அந்தச் சோதனையை நான் முழுதாக நம்பவில்லை. நாலு பேருடைய இரத்தத்தையும் கண்ணாடியில் பூசி எடுத்துக்கொண்டேன்.

"மற்றவர் எங்க?" என்று கேட்டேன்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"பிரதீபனோ? அவன் வரமாட்டான் மிஸ்."

"ஏன்?"

"அவர் இப்ப பெரிய ஆள். கலியாணம் சரிவந்திட்டுது. பொம்பிளை பகுதிக்குக் கட்டாரில எஞ்சினியர் எண்டு சொல்லி வச்சிருக்கினம். செத்தாலும் ஆபிரிக்கா எண்டு அவன்ர வாயில வராது."

"தகவல் போனதுதானே?"

"குறூப்பில போட்டது மிஸ். எல்லாருக்கும் தானே."

இந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். உங்களில் யார் அவனோடு நேரே கதைத்தது என்று. கேட்கவில்லை. ஏன் என்றால் அவர்கள் சொன்னது எனக்குப் பொருத்தமாக இருந்தது. வெள்ளவத்தை மாப்பிள்ளை ஒருவன் மானத்துக்குப் பயந்து ஒளிவான் என்பது நான் ஏற்கெனவே நம்பிய விசயம். நம்புகிற விசயத்தை யாராவது சொன்னால் நாங்கள் சரிபார்ப்பதில்லை.

அந்த நாலு கண்ணாடிகளையும் இரண்டு நாள் பார்த்தேன். கழுத்து மரத்துப்போனது. மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. நாலாமவன், சலூனில் எல்லாரையும் சிரிக்கவைத்த உருண்டை ஆள், அவனுடைய கண்ணாடியில் தேடித் தேடி ஒரு கிருமி. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அவனை வைத்தியசாலையில் சேர்த்தபோது, "காய்ச்சலே இல்லையே மிஸ், ஆளை விடுங்கோ" என்று கட்டிலில் இருந்தும் பகிடி விட்டான். விட்டிருந்தால் அடுத்த மாதம் மன்னாரில் தமக்கை வீட்டில் நின்றிருப்பான். பெரிய டொக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன். பொய் எதற்கு?

மீதி ஒருவன். பிரதீபன்.

அவனுக்குப் பேசியிருந்த பெண் யார் என்று விசாரித்தால், என் ஒழுங்கைதான். நிரோஜா. வங்கியில் வேலை. எங்கள் தொடர்மாடிக்கு எதிர்த் தொடர்மாடி. சின்ன வயதில் இருந்தே என்னை அன்ரி என்று கூப்பிடுகிற பிள்ளை. நான் மலேரியாக்காரி என்று அந்த ஒழுங்கையில் தெரியாத ஆள் இல்லை. பக்கத்து ஒழுங்கையில் இருந்த பிரதீபன் வீட்டுப் படியில் நான் ஏறினால், இறங்க முதல் அவனுக்கு என்ன வருத்தம் என்று பத்துக் கதை உலாவும். எயிட்ஸ் என்றுகூடச் சொல்வார்கள். சொல்லக்கூடிய சனம்தான். அதனால் போகவில்லை. தொலைபேசியிலும் கூப்பிடவில்லை, தெரியாத நம்பரில் இருந்து கூப்பிட்டு வெருட்டினால் ஓடிவிடுவான் என்று நினைத்தேன். மற்றப் பெடியள் மூலம் இரண்டு தரம் சொல்லி அனுப்பினேன். இரண்டு தரமும் ஒரே பதில்: "வரமாட்டானாம் மிஸ்."

பெரிய டொக்டரின் மூன்று நாள் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் தினமும் என் மேசைக்கு வந்து நிற்பார். இனிப் பொலிஸுக்குப் போவோமா என்பார். நான் இன்னும் இரண்டு நாள் என்பேன். என் சத்தியத்தைக் காப்பாற்ற அவரும் தன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார், பாவம்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலால் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் தொடர்மாடி வாசலில் நிரோஜா நின்றாள். வேலை முடிந்து நேரே வந்திருக்கிறாள். தோளில் பை அப்படியே இருந்தது.

"அன்ரி, உங்களோட ஒரு விசயம் கதைக்கோணும். பிரதீபனைப் பற்றி."

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம் என்றால் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பார்கள். படித்த இடத்தில் விசாரிப்பார்கள், வேலை செய்த இடத்தில் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டு நாயிடமும் விசாரிப்பார்கள். என் பெயர் எப்படியோ வெளியே வந்து, இவளை வீட்டில் விசாரிக்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பிள்ளை, என்ர வேலையில நான் ஆரைப் பற்றியும் கதைக்கிறேல்லை."

"இல்லை அன்ரி, நான் என்ன சொல்ல வந்தனான் எண்டால்..."

"ஒண்டும் கேக்காதேங்கோ. கேட்டாலும் என்ர வாயால வராது. இருட்டப்போகுது, வீட்டை போங்கோ."

பையின் வாரைத் தோளில் இழுத்துவிட்டாள். பிறகு, "சரி அன்ரி" என்று போய்விட்டாள். நான் மாடி ஏறும்போது எனக்கே என்னை மெச்சவேண்டும்போல் இருந்தது. தெரிந்த பிள்ளை, முகத்துக்கு நேரே வந்து நிற்கிறாள், ஒரு சொல் விடவில்லை. திங்கட்கிழமை பெரிய டொக்டரிடமும் சொன்னேன், இரகசியம் காப்பது என்றால் இப்படித்தான் என்று. அவர் தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலையில் வைத்தியசாலையில் இருந்து அவசரமாக ஒரு மாதிரி வந்தது. வெள்ளவத்தை ஆள், வலிப்பு, நினைவில்லை. கண்ணாடியை வைத்து ஒரு பார்வைதான் பார்த்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. பார்த்த இடமெல்லாம் கிருமி. பிறகுதான் துண்டில் இருந்த பெயரைப் பார்த்தேன்.

பிழைத்தான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதைக்க வேண்டாம். பன்னிரண்டு நாள் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். சிறுநீரகம் இரண்டும் நின்றுபோய் இயந்திரத்தில் போட்டார்கள். அவை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மாதம் ஒருமுறை கிளினிக் போகிறான், வாழ்நாள் முழுக்கப் போவான். முப்பது வயது.

அன்றைக்கே அந்த உருண்டை ஆளைத் தொலைபேசியில் பிடித்தேன். எனக்கு அவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று அதுவரை நானே அறிந்திருக்கவில்லை.

"வரமாட்டானாம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? அவனோட ஆர் கதைச்சது?"

அழத் தொடங்கினான். ஒருவரும் கதைக்கவில்லை. ஏஜென்ட், பிரதீபனின் மாமியின் கணவன். இவனுடைய சொந்தக்காரனை நம்பித்தான் தங்கள் வாழ்க்கை நாசமாய்ப் போனது என்று, திரும்பி வந்த முதல் கிழமையே பிரதீபனைக் குழுவில் இருந்து நீக்கிவிட்டார்கள். சுகந்தனுடைய குரல் பதிவு அவனுக்குப் போகவே இல்லை. நான் சொல்லி அனுப்பிய இரண்டு செய்தியும் போகவில்லை. "அவனோட கதைக்கிறேல்லை எண்டு எல்லாரும் முடிவெடுத்தனாங்கள் மிஸ். அதை உங்களிட்ட சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதான் வரமாட்டானாம் எண்டு சொன்னனாங்கள்." அவனும் அதே வீட்டில் அதே பதினாலு மாதம் அதே நுளம்புக் கடியோடுதானே கிடந்தான்! இருபத்தைந்து முப்பது வயது ஆண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கோபம் போட்டுக்கொண்டு ஒருவனைச் சாகவிடப் பார்த்தார்கள். கத்தி ஓய்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது: அவர்களாவது அவனோடு கோபம். எனக்கு என்ன வந்தது? அவனுடைய தொலைபேசி இலக்கத்தைச் சுகந்தன் எனக்கு முதல் நாளே தந்திருந்தான்.

அன்று பின்னேரம் வைத்தியசாலைக்குப் போனேன். அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நடைபாதையில் கிடந்த மர வாங்கில் நிரோஜா தனியாக இருந்தாள். வங்கிச் சேலை கசங்கிப்போய் இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். வேறு ஒன்றும் வராமல், "உங்களுக்கு விசயம் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டேன். அப்போதும் நான் சத்தியத்தைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

"ஆபிரிக்காவோ அன்ரி? பேசிக்கொண்டு வந்த முதல் நாளே அவர் எனக்குச் சொல்லிப்போட்டார். கட்டார் எண்டு பெரியாக்கள்தான் ஊருக்குச் சொன்னவை. எங்கட அம்மாவுக்கும் தெரியும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வந்த நாளில இருந்தே விட்டு விட்டுக் காய்ச்சல். டொக்டரிட்ட போனால் டெங்கு இல்லை, போங்கோ எண்டு அனுப்பிவிடுவினம். அங்க இருந்து கொண்டுவந்த மாத்திரை கொஞ்சம் மிச்சம் கிடந்தது. காய்ச்சல் வாற நேரம் ஒண்டு, ரெண்டு எண்டு குடிச்சுக்கொண்டு இருந்தவர். அது முடியப்போகுது எண்டு சொன்னவர். உந்த மாத்திரை எங்க எடுக்கிறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. அப்பதான் எனக்கு உங்கட ஞாபகம் வந்தது."

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். வங்கி நாட்காட்டியில் கிழித்த தாள். பின்பக்கத்தில் திகதியும் நேரமும் வரிசையாக எழுதியிருந்தது. எந்த நாள் காய்ச்சல் வந்தது, எத்தனை மணிக்கு விட்டது, எத்தனை மாத்திரை குடித்தது. எங்கள் உத்தியோகத்தர் ஒருவரும் அவ்வளவு ஒழுங்காக எழுதி நான் பார்த்ததில்லை.

"அண்டைக்கு நான் ஒண்டும் கேக்க வரேல்லை அன்ரி. இதைக் காட்டிச் சொல்லத்தான் வந்தனான். அவர் கீழ, காலி வீதி பஸ் ஹோல்ட்டில நிண்டவர். நீங்கள் ஓம் எண்டால் மேல கூப்பிடுவம் எண்டு."

தாளை வாங்கிப் பார்த்தேன். நான் அவளை வீட்டுக்குப் போகச் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு நேரே காய்ச்சல் இல்லை என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அவன் காலையில் வேலைக்குப் போய், பின்னேரம் என் வாசலுக்கு இருநூறு அடி தள்ளி, ஒரு மணித்தியாலம் நின்றிருக்கிறான்.